பீரோவுக்குள் தூங்கும் பெட்டியும் துடைப்பத்து ஈர்க்கும்

கேள்வி: மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் ஒரு கடலோர ஊரில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நானும் தலைமை ஆசிரியரும் என இரண்டே பேர். ஐந்து வகுப்பு, 41 பிள்ளைகள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்த் தம்பிமார்கள் சேர்ந்து, பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்து படிக்கிற மாதிரிப் பொருள் வாங்கச் சொல்லி 15,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் விலைப்பட்டியல் தந்துவிட்டுப் போனார். கணிதப் பெட்டி, பேசும் எழுத்துப் பலகை, காந்த எழுத்துகள், மனித உடல் மாதிரி, லேமினேட் செய்த சார்ட் என்று எல்லாம் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் நன்றாகத்தான் தெரிகிறது. ஏற்கெனவே வந்த கணிதப் பெட்டி ஒன்று பீரோவில் அப்படியே கிடக்கிறது. சங்கு, சிப்பி, வலைச் சாமான்களை வைத்தே செய்யலாமே என்கிறார் தலைமை ஆசிரியர். பெற்றோர் சிலரோ, "விளையாடவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்கிறார்கள். எதை வாங்குவது, எதை விடுவது?
– ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த 15,000 ரூபாயைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பீரோதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆசிரியர் பயிற்றுநராக இருந்த காலத்தில் ஒரு பள்ளிக்குக் கணிதப் பெட்டி வாங்கச் சொல்லி நானே பரிந்துரைத்தேன். எட்டு மாதம் கழித்துப் போனபோது, "பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பத்திரமா இருக்கு சார்" என்றார்கள். சாவி கிடைக்க அரை மணி நேரம் ஆனது. உள்ளே பெட்டி, மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. உப்புக் காற்றில் பீரோவின் கீழ்த்தட்டு துருப்பிடித்து, பெட்டியைத் தூக்கியதும் அதன் அடியில் காவி நிறத்தில் சதுரமாக ஒரு கறை. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு ஒரே ஒரு பெட்டியை வாங்கச் சொன்னவன் நான். ஒன்றே ஒன்று இருந்தால் அதை மேசைமேல் வைத்து ஆசிரியர் காட்டுவார், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். அதற்கு ஒரு சார்ட்டே போதும். தொலைந்துபோனால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம் வேறு.

அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இதை வைத்து ஒரு பிள்ளை தப்பு செய்ய முடியுமா? செய்தால், நாம் வாய் திறக்காமலே அது தப்பு என்று பிள்ளைக்குத் தெரியுமா?

உங்கள் பட்டியலில் இருக்கிற பேசும் எழுத்துப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பழத்தை அழுத்தினால் "மாம்பழம்" என்கிறது. வாழைப்பழத்தை அழுத்தினால் "வாழைப்பழம்" என்கிறது. அதில் தப்பு செய்யவே வழி இல்லை. மூன்று நாள் வேடிக்கை, அப்புறம் பேட்டரி தீரும். சாதாரணத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ஐந்தும் இரண்டுமாக ஏழு ஒரே அளவுக் கட்டை, மறு தட்டில் எட்டுக் கட்டை. பிள்ளை சமம் என்று நினைத்து வைக்கும், தராசு சாயும். யாரும் திட்டவில்லை, சிவப்பு மையால் சுழிக்கவில்லை. பிள்ளை தானாக ஒன்றை எடுத்துப் பார்க்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஊர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே, அவர் வடிவமைத்த பொருள்கள் பலவற்றில் இந்த யோசனைதான். பத்துக் குழி உள்ள கட்டை, பத்து உருளை. ஒன்றை இடம் மாற்றிச் செருகினால் கடைசியில் ஒரு உருளை பொருந்தாமல் கையில் மிஞ்சும். உங்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறீர்கள். நீங்கள் நான்காம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "தப்பு, திரும்பப் பார்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அதைப் பொருள்தான் சொல்ல வேண்டும்.

இனி கணிதம். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், காசு அதிகம் வீணாவது இங்கேதான்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், 32-இல் 7 போனால் எவ்வளவு என்று கேட்டேன். சிலேட்டில் 35 என்று எழுதினான். எப்படி என்றால், "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, மூணு அப்படியே" என்றான். இந்தத் தப்பை நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள். பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் கட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். பத்தைக் குறிக்கும் நீளக் கட்டை மூன்று, ஒன்றைக் குறிக்கும் குட்டிக் கட்டை இரண்டு. "இதிலிருந்து ஏழை எடு." இரண்டு குட்டிக் கட்டையை எடுத்தான். அப்புறம் நீளக் கட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது உடையாது சார்." ஒரு நீளக் கட்டையைக் கொடுத்துவிட்டுப் பத்துக் குட்டிக் கட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். சொன்னதைச் செய்தான். மறுநாள் மறுபடியும் 35.

அடுத்த வாரம் தென்னந்துடைப்பம் ஒன்றை வாங்கி, ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு நறுக்கி எடுத்துப் போனேன். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டதும் அவனேதான். மூன்று கட்டு, இரண்டு உதிரி. ஏழை எடுக்கச் சொன்னேன். இரண்டை எடுத்தான், நின்றான். ஒரு கட்டைக் கையில் எடுத்து, ரப்பரை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "அவுத்துக்கலாமா சார்?" என்றான்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் இத்தனை பாடும். நாம் அதைக் "கடன் வாங்குதல்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். மேல் வீட்டில் கடன், பக்கத்து வீட்டில் கடன் என்று கதையும் விடுகிறோம். உண்மையில் அங்கே யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, சொந்தக் கட்டைத்தான் அவிழ்க்கிறோம். கட்டிப் பார்த்த பிள்ளைக்குத்தான் அவிழ்க்கலாம் என்று தோன்றும். தொழிற்சாலையிலேயே ஒட்டி வந்த பத்து, அவன் கண்ணுக்குப் பத்து இல்லை, அது ஒரு நீளமான ஒன்று.

ஆகவே பிளாஸ்டிக் பத்துக் கட்டையை வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டி அவிழ்த்து ஓர் ஆண்டு பழகிய பிறகு, ஆயிரம் வரை போகும்போது அது நல்ல பொருள். பீரோவில் இருக்கிற பெட்டியில் அநேகமாக அது இருக்கும், நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு அது போதும். ஒன்று முதல் மூன்று வரை ஈர்க்கும் ரப்பர் பேண்டும்தான். பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு சின்னப் பனையோலைக் கொட்டானில் போட்டு நூறு. இரண்டு மூன்று துடைப்பம் வாங்கினால் எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கு நூறு ஈர்க்குக்குக் குறையாது. நுனி குத்தும், கத்தரித்த பிறகு உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். ரப்பர் பேண்டு உங்கள் ஊர் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும், வாங்கும்போதே இரண்டு பாக்கெட்டாக வாங்கி வையுங்கள்.

உங்கள் தலைமை ஆசிரியர் வலைச் சாமான் என்று சொன்னாரே, அவர் சொன்னதில் ஒரு தங்கம் இருக்கிறது. தக்கை என்பீர்களோ மிதவை என்பீர்களோ, நடுவில் துளையுள்ள சின்னச் சின்ன பிளாஸ்டிக் மிதவை. பழைய வலையிலிருந்து கழித்துப் போட்டது எந்த வலைக்கூடத்திலும் கிடைக்கும். அதில் நூறு எடுத்து, சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, ஐம்பதுக்கு ஒரு நிறம், ஐம்பதுக்கு இன்னொரு நிறம் அடியுங்கள். பத்து மஞ்சள், பத்து நீலம், பத்து மஞ்சள் என்று மாற்றி மாற்றிக் கயிற்றில் கோத்து, பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் சுவரோடு நீளமாகக் கட்டிவிடுங்கள். கடையில் இதையே மணிமாலை என்று விற்கிறார்கள். அதில் மணி சின்னது, ஒருவர் மடியில் வைத்து எண்ணலாம், அவ்வளவுதான். உங்கள் மாலையை வகுப்பே நின்று பார்க்கலாம். தெர்மாகோல் மிதவை மட்டும் வேண்டாம், உதிரும்.

துணிக் கிளிப் ஒன்றைக் கொடுத்து, "37-இல் மாட்டு" என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்று கவனியுங்கள். ஒரு பிள்ளை முதல் மிதவையிலிருந்து ஒன்று, இரண்டு என்று வரும். ஒன்று நிறத்தைப் பார்த்து, பத்து, இருபது, முப்பது என்று தாவி ஏழு எண்ணும். நாற்பதுக்குப் போய் மூன்று பின்னால் வருகிற பிள்ளையும் ஒன்றிரண்டு இருக்கும். தேர்வுத்தாள் சொல்லாததை அந்த நடை சொல்லிவிடும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறீர்கள் இல்லையா, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க எனக்கு இதைவிட லேசான வழி தெரியாது. 37-இலிருந்து 52-க்கு எத்தனை என்றால் இன்னொரு கிளிப்பை மாட்டி இடையில் தாவ வேண்டியதுதான். 40-க்கு மூன்று, 50-க்குப் பத்து, அப்புறம் இரண்டு.

கயிறு கையில் இருக்கும்போதே பின்னத்தையும் முடித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பின்னத்துக்கு வட்ட வட்டமாகத் தட்டு போட்டிருப்பார்கள். அதை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு அரை என்றால் அரைவட்டம் என்று பதிந்துவிடும். ஒரு பாகம், அதாவது இரு கையையும் விரித்த நீளம் உள்ள கயிற்றை இரண்டாக மடித்தால் அரை, இன்னொரு மடிப்பில் கால், இன்னொன்றில் அரைக்கால், அதற்கும் மேல் மடித்தால் மாகாணி. பெயரெல்லாம் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது. படகுப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு என்று மீன் காசைப் பிரிக்கிற பேச்சு உங்கள் பிள்ளைகள் காதில் தினமும் விழுகிறது. "எட்டுப் பங்கில் மூணு பங்கு" என்று சொன்னால் முழிக்க மாட்டார்கள். பாகம் என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது: ஆழத்தை அப்பா பாகத்தில் சொல்வார், பூக்காரர் முழத்தில் அளப்பார். உங்கள் முழத்துக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் முழத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டினாலே மீட்டர் எதற்கு வந்தது என்று புரிந்துவிடும். அதற்குப் பிறகு ஆறு அளவு நாடா வாங்குங்கள். தையல்காரர் நாடாவே போதும்.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். காந்த எழுத்து வாங்குவதானால், கொம்பும் காலும் தனியாக இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலும் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அதோடு சரி. அதை வைத்து "அம்மா"கூட எழுத முடியாது. நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் வேறு. "கெ" என்று சொல்லும்போது க் முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. "கொ"வில் கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில் மாட்டிக்கொள்கிறது. இது கையில் ஏற வேண்டுமானால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் மூன்றையும் தனித்தனி அட்டையாக வைத்து, பிள்ளை தானே முன்னால் பின்னால் நகர்த்திப் பார்க்க வேண்டும். கு, சு, டு, பு வரிசைக்கு அப்படிப் பிரிக்க முடியாது, எழுத்தே உரு மாறுகிறது, முழு அட்டையாகத்தான் செய்ய வேண்டும். தடித்த அட்டையில் நீங்களே வெட்டுவது கடைப் பெட்டியைவிட நல்லது. லேமினேட் செய்யும்போது ஓரத்தில் அரை விரல் விட்டு வெட்டுங்கள். ஓரத்தோடு வெட்டினால் ஐப்பசி மழையில் ஈரம் ஏறி உள்ளே கருப்புப் பூசணம் பிடிக்கும்.

இந்த அட்டை தானாகத் தப்பைச் சொல்லுமா என்றால், சொல்லாது. அட்டையின் பின்னால் ஒரு படம் ஒட்டி, சொல்லைச் சேர்த்தபின் திருப்பினால் படம் சரியாகச் சேரும்படி செய்தால் சொல்லும். பின்னால் ஒரு சங்குப் படம், மூன்று துண்டாக. ச, ங், கு. கு இடம் மாறினால் சங்கு வாலில்லாமல் நிற்கும். வேலை அதிகம்தான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு மதியத்தில் முப்பது சொல் செய்துவிடுவார்கள்.

ல, ள, ழ குழப்பத்துக்கு எந்த எழுத்துப் பெட்டியும் உதவாது. அது வாயில் இருக்கிற சிக்கல். ஒப்பனைக் கடையில் கிடைக்கும் சின்னக் கண்ணாடி பத்து வாங்குங்கள். நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே மடங்கித் தொடாமல் நிற்கிறது என்று பிள்ளையே பார்க்கட்டும். ஓரம் மழுங்கிய, பிளாஸ்டிக் சட்டம் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்றாம் வகுப்புக்குத் தட்டில் மணல். திண்ணைப் பள்ளிக் காலத்திலேயே மணலில்தான் எழுதிப் பழகினார்கள், உங்களுக்கு மணலுக்கா பஞ்சம்? கழுவிக் காயவைத்து, பிசுக்குப் போனபிறகு போடுங்கள்.

அறிவியலுக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்று சொன்னால் நான் லென்ஸ் வாங்குவேன். ஒன்று இல்லை, பத்து. உயர்ந்த விலையில் ஒரு நுண்ணோக்கி வாங்கினால் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஐந்து நொடி பார்ப்பார்கள். லென்ஸை வைத்து மீன் செதிலைப் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரி வரி வரியாகத் தெரியும். உப்பைப் பார்த்தால் ஒவ்வொன்றும் குட்டிக் கனசதுரம். கடற்கரை மணலும் கண்மாய் மணலும் எப்படி வேறு என்று அவர்களே சொல்வார்கள்.

உப்பு என்றதும் இதையும் செய்து பாருங்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அகலத் தட்டு இரண்டில் ஊற்றி, மேலே கொசுவலை கட்டி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். எத்தனை நாளாகும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வற்றியபின் சுரண்டித் தராசில் போட்டால் 35 கிராம் சுற்றி நிற்கும், கொஞ்சம் சிந்தியதைக் கழித்துக்கொள்ளுங்கள். வாலிநோக்கம் உப்பளத்தில் நடப்பதும் இதுதான் என்று அப்போது சொன்னால் போதும். லிட்டர் குவளை, தராசு, லென்ஸ், ஒரு குறிப்பேடு. அளத்தல், எடை, ஆவியாதல் மூன்றும் ஒரே தட்டில் முடிந்தது. தராசு மட்டும் பிளாஸ்டிக் வாளித் தராசாக வாங்குங்கள். வில் தராசு வேண்டாம், கம்பிச்சுருள் உங்கள் காற்றுக்கு இரண்டு வருடம் தாங்காது.

மனித உடல் மாதிரியை விட்டுவிடுங்கள். கழற்றி மாட்டுவதோடு சரி, குடல் ஒரு மாதத்தில் காணாமல் போகும். சார்ட் வாங்காதீர்கள். அகலத் திரைத் தொலைக்காட்சிக்கு யாராவது தனியாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இந்தக் காசில் வேண்டாம். உலக உருண்டை ஒன்று வாங்கலாம், பேசாத உருண்டையாக.

இனி கடற்கரையில் பொறுக்குவது. இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக்கடலும் 1986-இலிருந்து கடல் தேசியப் பூங்கா. பவளத்தை, கரையில் ஒதுங்கிச் செத்ததாக இருந்தாலும், எடுத்து வகுப்பில் வைக்காதீர்கள். கடல் அட்டை, கடல் குதிரை இரண்டும் பவளத்தைப் போலவே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சில பெரிய சங்கு, சிப்பி வகைகளும் பட்டியலில் இருக்கின்றன. "அறிவியல் மூலை"யில் வைத்த காய்ந்த கடல் குதிரைக்காக ஒரு டீச்சர் பதில் சொல்லும்படி ஆக வேண்டாம். சாப்பிட்டு எறிகிற மட்டிச் சிப்பி போதும், அதுவே மலையாகக் கிடக்கும். ஒரு கொதி கொதிக்கவைத்து, உள்ளே ஒட்டிய சதையைச் சுரண்டி, நன்றாக வெயிலில் காயவையுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் வகுப்பில் உட்கார முடியாது. பெரிது சிறிது, வரி உள்ளது இல்லாதது, வலப்பக்கம் இடப்பக்கம் என்று பிரிக்க அதைவிட நல்ல பொருள் கடையில் கிடையாது. கூர் ஓரம் உள்ளதைக் கழித்துவிடுங்கள்.

வலைச் சாமானில் மிதவை சரி, குண்டு கூடாது. வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற குண்டு ஈயம். எடைக்கல்லாக வைக்க வசதியாகத் தோன்றும், கைக்கு அடக்கமாகவும் இருக்கும். ஈயம் கையில் ஒட்டி வாய்க்குப் போகும், சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பத்தாவது ஆண்டுப் பணியில் நானே ஒரு டப்பா நிறைய ஈயக் குண்டு வைத்து எடை சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அப்போது எனக்குத் தெரியாது. எடைக்குச் சமமாக மணல் நிரப்பித் தைத்த துணிப்பை போதும்.

எண்ணுவதற்கு விதை சேர்க்கிறவர்கள் குன்றிமணியைத் தேடிப் போவார்கள், அழகாக இருக்கிறதே என்று. கடித்து மென்றாலோ ஓட்டை போட்டாலோ கொடிய நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படியே. புளியங்கொட்டை இருக்க இதெல்லாம் எதற்கு? ஒரு பக்கம் மட்டும் உரசிய புளியங்கொட்டை, ஒரு பக்கம் வெள்ளை ஒரு பக்கம் பழுப்பு. பத்தைக் குலுக்கிப் போட்டால் ஆறு வெள்ளை நான்கு பழுப்பு, மறுபடி போட்டால் மூன்றும் ஏழும். பத்துக்குள் கூட்டல் முழுவதும் அதில் இருக்கிறது, தாயம் ஆடிய பாட்டிமாருக்கு அது புதிதும் இல்லை.

கடையில் வாங்கும் விளையாட்டுப் பொருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து கட்டாயம். மணி அளவில் இருக்கிற சக்தி வாய்ந்த காந்தம் எதுவும் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். விரல் நீளச் சட்டக் காந்தம் போதும்.

"விளையாடவா அனுப்புறோம்" என்று கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. ஏப்ரல் 15-க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. பள்ளி விடுமுறைக்கு முன் விசைப்படகு கரையில் நிற்கிற சில நாளாவது உங்களுக்குக் கிடைக்கலாம். வலை பழுது பார்க்க உட்காருகிற அப்பாக்களைக் கூப்பிட்டு அந்த மிதவை மாலையைக் கோத்துத் தரச் சொல்லுங்கள். கோக்கும்போதே, "இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்பார்கள். அவர்கள் பிள்ளையைக் கூப்பிட்டு 64-இல் கிளிப் மாட்டச் சொல்லிக் காட்டுங்கள். சொந்தக் கையால் கோத்ததை யாரும் விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள். அம்மாமார்களில் பாசி எடுக்கப் போகிறவர்கள் இருந்தால், மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று வகை பிரிக்கிற ஒருவரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழையுங்கள். வகைப்படுத்துதல் பாடத்தை அவர்களைவிடச் சுத்தமாக நாம் நடத்த முடியாது.

பொருள் வந்ததும் ஒரு தவறு நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஈர்க்கு இருந்தால் கணக்குப் போடும் பிள்ளை, ஈர்க்கு இல்லாவிட்டால் நின்றுவிடும். பொருளைக் கொடுக்கத் தெரிந்த அளவுக்குப் பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்கி வைக்கவும் தெரிய வேண்டும். நான் செய்வது: ஒரு டப்பாவில் பிள்ளை பார்க்க ஆறு ஈர்க்கைப் போட்டு மூடிவிடுவேன். அப்புறம் மூடியைக் கொஞ்சம் தூக்கி மூன்றைப் போடுவேன். "உள்ளே எத்தனை?" இப்போது தொட முடியாது, ஆனால் கண்ணுக்குள் இருக்கிறது. சொன்னபின் திறந்து எண்ணிச் சரிபார்க்கலாம். அது பழகியதும் ஈர்க்கைச் சிலேட்டில் கோடாகப் போடச் சொல்வேன், கட்டுக்கு ஒரு வட்டம். எண் மட்டும் என்பது அதற்குப் பிறகுதான். கை, படம், குறி என்று மூன்று படியாக அமெரிக்க உளவியலாளர் ப்ரூனர் 1960-களில் எழுதியது கிட்டத்தட்ட இதைத்தான். டப்பாப் படியை விட்டுவிட்டு நேராக எண்ணுக்குத் தாவுவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது.

காசுக் கணக்கு. என் பட்டியலில் கடைக்குப் போவது லென்ஸ் பத்து, வாளித் தராசு நான்கு, அளவுக் குவளை, நாடா, கண்ணாடி, உலக உருண்டை, அட்டை, லேமினேஷன், பெயிண்ட், மூடி போட்ட டப்பா. உங்கள் ஊர் விலையில் பாதித் தொகைக்கு மேல் போகாது என்றுதான் நினைக்கிறேன். மீதியில் ஒரு பகுதியைப் பிள்ளைகள் தோளுயரத்தில் மூன்று தட்டுள்ள திறந்த மர அலமாரிக்குப் போடுங்கள், இரும்பு வேண்டாம். மூவாயிரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தேவை என்று தெரியாதது அக்டோபரில் தெரியும். பணம் கொடுத்த தம்பிமார்களுக்கு ஒரு வரி எழுதிவிட்டால் போதும், ஒரே நாளில் செலவழித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

ஈர்க்கு, ரப்பர் பேண்டு, அட்டை, சிப்பி எல்லாம் தீர்ந்துபோகிற பொருள் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாக எழுதி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். உடைந்தால், தொலைந்தால் பதில் சொல்ல வேண்டிய பதிவேட்டில் தராசும் உருண்டையும் மட்டும் இருக்கட்டும். பீரோச் சாவியைப் பற்றிய பயம் பாதி அதில் போய்விடும்.

அந்தப் பழைய பெட்டியை இந்த வாரமே திறந்துவிடுங்கள். என்னென்ன இருக்கிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையே எண்ணிப் பட்டியல் போடச் சொல்லுங்கள். மிதவை மாலைக்குக் கயிறு வாங்கும்போது நைலானாகப் பாருங்கள். கோத்து முடித்ததும் இரு முனையையும் லேசாகத் தீயில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.